பள்ளியில் முதல் மாதம்

கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கும். மார்ச் 1 தேசிய விடுமுறை. அது முடிந்த கையோடு பள்ளிகள் திறந்துவிடும். ஆங்கிலம் கற்பிக்க வருபவர்களில் பெரும்பாலோர் பிப்ரவரி பிற்பகுதியில் இன்சியோன் விமான நிலையத்தில் வந்து இறங்குவது அதனால்தான். ஆகஸ்ட் கடைசியில், இரண்டாம் பருவத்துக்கு வருபவர்களும் உண்டு. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் நெருக்கடிகளில் பாதி அவர்களுக்கு இருக்காது.

மார்ச்சில் சேர்பவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அந்தப் பள்ளிக்கு நீங்கள் மட்டும் புதியவரில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். மாற்றல் மார்ச் 1 முதல் அமலுக்கு வரும். யாருக்கு எந்த வகுப்பு, யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதெல்லாம் பிப்ரவரி கடைசியில்தான் முடிவாகும். அந்தப் பொறுப்புப் பட்டியலில் வெளிநாட்டு ஆசிரியரைக் கவனித்துக்கொள்வதும் ஒரு வரி. பெரும்பாலும் அது வயதில் இளையவர் தலையிலோ, மாற்றலாகி வந்தவர் தலையிலோதான் விழும். உங்களை அழைத்துப்போகக் கல்வி அலுவலகத்தில் காத்திருப்பவர் சில நாட்களுக்கு முன்புதான் உங்கள் பெயரையே கேள்விப்பட்டிருப்பார். தன் வகுப்புகளுக்குத் தயாராகிக்கொண்டே உங்கள் வீட்டுச் சாவி, வங்கிக் கணக்கு, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தாக வேண்டும்.

இவர்தான் உங்கள் கோ-டீச்சர். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நல்லது என்பதைவிட, இவரோடு உங்களுக்கு எப்படி ஒத்துப்போகிறது என்பதுதான் அந்த ஓராண்டைத் தீர்மானிக்கும். ஆகவே முதல் மாதத்தில் உங்கள் உழைப்பில் பெரும்பங்கை இங்கேதான் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாருக்கு இந்த வேலை

அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் பெரிய திட்டம் ‘எபிக்’. 1995-இல் தொடங்கிய இதைக் கொரியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள நிறுவனம் நடத்துகிறது. இதற்கான இ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. டொராண்டோவிலும் லண்டனிலும் டர்பனிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது நேரான வழி. இந்தியக் குடிமக்களுக்கு 2010-இல் அமலுக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது. பட்டத்தோடு ஆங்கில ஆசிரியருக்கான சான்றும் வேண்டும். அந்த வழியில் போக நினைப்பவர்கள் சென்னையிலுள்ள கொரியத் துணைத் தூதரகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்கப் பணம் செலவழியுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இந்த விசா கிடைக்காது. கொரியரை மணந்து குடும்ப விசாவில் இருப்பவர்களின் கதை வேறு. விசா அளவில் அவர்களுக்கு நாட்டுக் கட்டுப்பாடு இல்லை.

முதல் நாள் காலை

பள்ளி வாசலில் செருப்பு அலமாரி இருக்கும். வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போட ஒரு ஜோடியைக் கையோடு கொண்டுபோங்கள். விருந்தினருக்கென்று வைத்திருக்கும் செருப்பு பெரும்பாலும் உங்கள் அளவில் இருக்காது. அதை இழுத்துக்கொண்டு நடந்து தலைமையாசிரியர் அறைக்குள் போவது நல்ல தொடக்கமில்லை.

கோ-டீச்சர் உங்களை முதலில் தலைமையாசிரியரிடம் அழைத்துப்போவார். அவருக்குத் தனி அறை உண்டு. தேநீர் வரும். அவர் கொரிய மொழியில் பேசுவார், கோ-டீச்சர் மொழிபெயர்ப்பார். கோ-டீச்சரைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். தலைமையாசிரியரைப் பார்த்தே பேசுங்கள். அடுத்து ஆசிரியர் அறை. அங்கே எல்லா மேசைகளும் கண்ணில் படும்படியான இடத்தில் துணைத் தலைமையாசிரியர் உட்கார்ந்திருப்பார். கொரிய மொழியில் அவரைக் ‘கியோகாம்’ என்பார்கள். நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எப்போது கிளம்பினீர்கள் என்பது முதல் விடுப்பு வரை அன்றாடம் உங்களைப் பார்ப்பவர் அவர்தான். காலையில் வந்ததும் அவருக்குத் தலைகுனிந்து வணக்கம், மாலையில் கிளம்பும்போது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் உங்களை எழுந்து பேசச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினால் பலருக்குச் சங்கடம். “அன்யோங்ஹசெயோ” என்று தொடங்கி, பெயரோடு “இம்னிதா” சேர்த்துச் சொல்லி, “ஜல் புதாக் தெரிம்னிதா” என்று முடித்துக்கொண்டால் போதும். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் வாக்கியம் அது. கை தட்டுவார்கள். உங்கள் பெயர் நீளமானதென்றால், கூப்பிட வசதியாக இரண்டு மூன்று அசையில் ஒன்றை முன்பே தேர்ந்து, அதைக் கொரிய எழுத்தில் எப்படி எழுதுவது என்று கோ-டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொரிய எழுத்துகள் 24தான். உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு கட்டாக நிற்கும் முறை தமிழ் எழுதப் படித்தவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். விமானம் ஏறும் முன்பே கற்றுக்கொண்டு போகலாம்.

ஊரிலிருந்து ஆளுக்கொரு பரிசு வாங்கிப்போக வேண்டியதில்லை. ஆசிரியர் அறைக்குப் பொதுவாக ஒரு பெட்டி இனிப்போ, அங்கேயே கடையில் வாங்கிய ‘தொக்’ என்னும் அரிசிப் பலகாரமோ வைத்தால் போதும். புதிதாகக் குடிவந்தவர் அக்கம்பக்கத்துக்குத் தொக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். மாணவர்களிடமும் பெற்றோரிடமும் எதையும் வாங்காதீர்கள். 2016 செப்டம்பரில் வந்த ஊழல் தடுப்புச் சட்டம் பள்ளி ஆசிரியர்களுக்கும் பொருந்தும். அம்மா கொடுத்துவிட்டதாக ஒரு குழந்தை காபி டப்பாவை நீட்டினாலும், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோ-டீச்சர் காதில் போட்டுவைக்க வேண்டும்.

கோ-டீச்சரோடு

தொடக்கப் பள்ளியில் ஆங்கிலப் பாடத்துக்கென்றே ஒருவர் இருந்தால் வேலை சுலபம். சில பள்ளிகளில் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் உங்களோடு சேர்ந்து பாடம் நடத்துவார்கள். அப்போது ஐந்தாறு கோ-டீச்சர்கள், ஐந்தாறு பழக்கங்கள். ஒருவர் முழுப் பாடத்தையும் உங்களிடம் விட்டுவிட்டுப் பின்வரிசையில் விடைத்தாள் திருத்துவார். இன்னொருவர் தானே நடத்திக்கொண்டு, உச்சரித்துக் காட்ட மட்டும் உங்களைக் கூப்பிடுவார். இரண்டுக்கும் நடுவே இருப்பவர் கிடைத்தால் நல்லது.

இந்தப் பங்கீட்டைச் சரிசெய்ய முதல் வாரத்தில் கொஞ்சம் நேரம் கேட்டு வாங்குங்கள். பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு பாடத்தை எடுத்துக் கேளுங்கள்: வகுப்பை யார் தொடங்குவது? விளையாட்டின் விதியைக் கொரிய மொழியில் யார் சொல்வது, எப்போது சொல்வது? பிள்ளைகள் கத்தினால் யார் அடக்குவது? ஒரு பையன் எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடலாமா? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில் மிகவும் முக்கியம். அந்தப் பையன் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒழுங்கு நடவடிக்கை எதுவானாலும் அவர் கையிலேயே இருக்கட்டும். பிள்ளைகளை அடிப்பது சட்டப்படி தடை. காதைத் திருகவோ தலையில் குட்டவோ நம் ஊர்ப் பழக்கத்தில்கூடக் கை போகக் கூடாது.

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் கோ-டீச்சரின் ஆங்கிலத்தைத் திருத்தாதீர்கள். அவர் கரும்பலகையில் எழுதிய வாக்கியத்தில் பிழை இருந்தாலும், உச்சரிப்பு வேறாக இருந்தாலும், அந்த நேரத்தில் விட்டுவிடுங்கள். நீங்கள் வந்ததிலிருந்து, தான் நன்கு அறிந்த பாடத்தில் தன்னைவிட ஒருவர் சரளமாகப் பேசுவதை மாணவர்கள் கண்ணெதிரே அவர் தாங்கிக்கொண்டிருக்கிறார். அது லேசான காரியமில்லை. பாடம் முடிந்த பிறகு அவரே கேட்டால் சொல்லுங்கள். தேர்வில் வரக்கூடிய பிழையென்றால் நீங்களே தனியாகப் போய்க் காட்டுங்கள். நம் பள்ளிகளிலும் மூத்த ஆசிரியரை வகுப்பில் வைத்து யாரும் திருத்துவதில்லை. அந்த நிதானத்தை அங்கேயும் கடைப்பிடித்தால் போதும்.

‘இன்று மூன்றாம் பாடவேளை இல்லை’ என்ற செய்தி இரண்டாம் பாடவேளை முடிந்த பிறகு உங்களுக்கு வரும். இது உங்களை மதிக்காததால் நடப்பதாகப் பலர் நினைத்துக் கசந்துபோகிறார்கள். உண்மையில் பள்ளியின் அறிவிப்புகள் கணினியிலுள்ள மெசஞ்சரில் நாள் முழுக்கக் கொரிய மொழியில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அவற்றில் உங்களுக்கு எது தேவை என்று பிரித்து, ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவது கோ-டீச்சருக்குக் கூடுதல் வேலை. நீங்கள் அதைக் குறைக்கலாம். மெசஞ்சரை உங்கள் கணினியிலும் போட்டுத் தரச் சொல்லி, ‘பாபகோ’ மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு நீங்களே வாசிக்கலாம். காலையில் போனதும் “இன்றைக்கு ஏதாவது மாற்றம் உண்டா?” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எந்த வகுப்புக்கும் பொருந்தும் பாடம் ஒன்றை மேசை இழுப்பறையில் தயாராக வைத்திருங்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது அது கைகொடுக்கும்.

அவர்கள் முகத்துக்கு நேரே மறுப்பதும் குறைவு. “அது கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம்” என்று கோ-டீச்சர் இழுத்தால், கேட்டது நடக்காது என்று எடுத்துக்கொண்டு வேறு வழி பாருங்கள்.

வகுப்பில்

ஒரு பாடவேளை தொடக்கப் பள்ளியில் 40 நிமிடம், நடுநிலைப் பள்ளியில் 45, மேல்நிலைப் பள்ளியில் 50. வாரத்துக்கு 22 பாடவேளை வரை வரும். கொரியக் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலம் படிக்கத் தொடங்குவது மூன்றாம் வகுப்பில். 1997 முதல் இதுதான் ஏற்பாடு. ஆனால் நீங்கள் பார்க்கப்போகும் ஐந்தாம் வகுப்பில் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள். மழலைப் பள்ளிக் காலத்திலிருந்தே ‘ஹக்வோன்’ எனப்படும் தனிப்பயிற்சி நிலையத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்து உங்களிடம் நாவல் பற்றிப் பேசும் பெண் ஒருத்தி; அவள் பக்கத்தில், எழுத்துகளையே தடுமாறிப் படிக்கும் பையன். இந்த இடைவெளிதான் உங்கள் உண்மையான வேலை. முதல் மாதத்தில் கேள்வி கேட்டதும் கை தூக்கும் ஐந்து பேரோடு மட்டும் பாடம் நடத்திவிட்டு ‘நன்றாகப் போகிறது’ என்று நம்பிவிட வேண்டாம். அந்த ஐந்து பேருக்கு உங்களால் பெரிய லாபமில்லை. மற்றவர்களுக்குத்தான் உண்டு.

முதல் வகுப்புக்கு ஒரு யோசனை. கரும்பலகையில் உங்களைப் பற்றி ஐந்து விடைகளை மட்டும் எழுதுங்கள்: 27, மாம்பழம், 4, மதுரை, நாய். இவற்றில் எது எந்தக் கேள்விக்கு விடை என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். “உங்களுக்குப் பிடித்த பழம் எது?” என்று முழு வாக்கியமாகக் கேட்டால் ‘மாம்பழ’த்தை அழித்துவிடுவீர்கள். மாம்பழத்தைச் சரளமாகப் பேசுபவர்கள் முதல் நிமிடத்திலேயே முடித்துவிடுவார்கள். 4 என்ன என்பதில்தான் வகுப்பு சூடுபிடிக்கும். கூடப் பிறந்தவர்களா, வீட்டில் எத்தனை பேரா, தெரிந்த மொழிகளா என்று இருவர் இருவராகப் பேசி யோசிக்க வைத்தால், ஒன்றும் சொல்லாத பையனும் பக்கத்தில் இருப்பவளிடம் வாக்கியத்தைக் கேட்டு ஒருமுறை வாய் திறப்பான். பிறகு அவர்களும் தங்களைப் பற்றி ஐந்து விடைகளை எழுதித் தரட்டும். அந்தத் தாள்களைச் சேகரித்து வைத்துக்கொண்டால், யாருக்கு எவ்வளவு வரும் என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

பெயர்களைக் கற்பது முதலில் மலைப்பாக இருக்கும். ஒரே வகுப்பில் ஐந்து கிம், நான்கு லீ இருப்பது சாதாரணம். குடும்பப் பெயரை வைத்துக் கூப்பிட முடியாது. புகைப்படத்தோடு கூடிய வகுப்புப் பட்டியலைக் கோ-டீச்சரிடம் கேட்டு வாங்கி, முழுப் பெயராகவே பழகுங்கள். பெயரைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள். இறந்தவர்களுக்கான நிறம் என்று பலர் சங்கடப்படுவார்கள்.

உங்கள் வயது என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா என்று குழந்தைகள் கேட்பார்கள், ஆசிரியர்களும் கேட்பார்கள். நமக்கு இது புதிதில்லை. இன்னொரு கேள்விக்குத்தான் நீங்கள் மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும். ஆங்கில ஆசிரியர் என்றதும் வெள்ளைக்காரரை எதிர்பார்க்கும் பெற்றோர் அங்கே இன்னும் இருக்கிறார்கள். குழந்தைகள் அதை அப்படியே வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள். பத்து வயதுக் குழந்தையின் வியப்பை வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகப்படத்தை விரித்து, எங்கெங்கே மக்கள் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று ஒரு பாடமே நடத்தலாம். ஆனால் பெரியவர்கள் யாராவது உங்கள் நிறத்தையோ உச்சரிப்பையோ வைத்துக் குறை பேசினால் சிரித்து மழுப்பாதீர்கள். கோ-டீச்சரிடமும், தேவைப்பட்டால் கல்வி அலுவலகத்தில் உங்களுக்கான பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தின் ஒலிப்பதிவு அமெரிக்க உச்சரிப்பில் இருக்கும் என்பதற்காக நீங்கள் அந்தக் குரலைப் போலிசெய்ய வேண்டியதில்லை. நிறுத்திப் பேசுங்கள், தெளிவாகப் பேசுங்கள். கொரிய மொழியில் ‘ஃப’ ஒலி இல்லை. சொல்லின் கடைசி மெய்யோடு ஓர் உயிரைச் சேர்த்து இழுக்கும் பழக்கமும் உண்டு. நம் ஊரில் ‘பஸ்ஸு’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் உள்ளிருந்தே தெரியும். அது கற்பிக்கிறவருக்கு ஒரு பலம்.

நடுநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் தேர்வுச் சுமையைக் குறைத்த ‘சுதந்திரப் பருவம்’ ஒன்று உண்டு. உங்களுக்கு நல்ல வகுப்புகள் அங்கேதான் அமையும். மேல்நிலைப் பள்ளி அப்படியல்ல. எல்லாரின் கண்ணும் நவம்பரில் நடக்கும் ‘சுனுங்’ பல்கலைக்கழக நுழைவுத்தேர்வின் மேல். அன்று ஆங்கிலம் கேட்டல் பகுதி நடக்கும்போது நாடு முழுவதும் விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் நிறுத்திவைக்கிறார்கள். அந்தத் தேர்வில் உரையாடலுக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே உங்கள் வகுப்பில் சிலர் மேசையில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். முந்தைய இரவு வெகுநேரம் வரை படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். தட்டி எழுப்பும் முன் கோ-டீச்சரின் கண்ணைப் பாருங்கள்.

சாப்பாடு

மதியம் எல்லாரும் பள்ளி உணவுக்கூடத்தில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சோறு, சூப், கிம்ச்சி, இரண்டு மூன்று தொடுகறிகள். ஆசிரியர்களிடம் அதற்குப் பணம் பிடிப்பார்கள். மாதப் பட்டியலை முன்கூட்டியே ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலும் சின்னச் சின்ன எண்கள் இருக்கும். ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக அச்சிடும் அந்த எண்கள் நமக்கும் உதவும். 10 என்றால் பன்றி இறைச்சி, 16 மாட்டிறைச்சி, 15 கோழி, 1 முட்டை, 9 இறால். மாட்டிறைச்சியையோ பன்றி இறைச்சியையோ மட்டும் தவிர்ப்பவர்கள் இதை நம்பிச் சாப்பிடலாம். சைவர்களுக்கு இது போதாது. சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் நெத்திலியில் காய்ச்சியது. நெத்திலிக்கு அந்தப் பட்டியலில் எண் இல்லை. கிம்ச்சியிலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பார்கள். சைவர்கள் முதல் வாரத்திலேயே உணவுப் பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து பொரியலோ நம் ஊர்த் தொக்கோ எடுத்துப்போய் அங்கே கொடுக்கும் சோற்றோடு சாப்பிடுங்கள். தனியாகப் போய் உங்கள் மேசையில் சாப்பிடாதீர்கள். உணவுக்கூடத்து மேசையில்தான் மற்ற ஆசிரியர்கள் உங்களோடு முதன்முதலாகப் பேசத் துணிவார்கள்.

மார்ச்சில் ‘ஹ்வேஷிக்’ என்னும் கூட்டு விருந்தும் நடக்கும். போங்கள். குடிக்காதவர்கள் தம்ளரில் ‘சைடர்’ என்னும் இனிப்புச் சோடாவை ஊற்றிக்கொண்டு கூடவே உயர்த்தினால் போதும். பெரியவர்களுக்கு ஊற்றும்போதும் அவர்களிடம் வாங்கும்போதும் இரண்டு கையையும் பயன்படுத்துங்கள்.

வகுப்பில்லாத நேரம்

வேலை நேரம் பெரும்பாலும் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை. பாடம் இல்லாத நாளிலும் இருக்கையில் இருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில்கூட, உங்கள் விடுப்பு நாட்கள் போக மீதி நாட்களில் ஆங்கில முகாம் நடத்துவீர்கள், இல்லாவிட்டால் வெறிச்சோடிய ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பீர்கள். இதில் வாதாடிப் பயனில்லை. கொரிய மொழி படிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வங்கிக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டுமென்றால் சொல்லாமல் எழுந்து போகாதீர்கள். கோ-டீச்சரிடம் சொல்லி, கியோகாமின் அனுமதி பதிவான பிறகே கிளம்புங்கள்.

சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2023-இல் கொரியாவின் கருவுறுதல் விகிதம் 0.72 வரை இறங்கியது. ஜோல்லா பகுதிக் கிராமத்துக்குப் போனால் ஒரு வகுப்பில் ஆறு பிள்ளைகள், வாரத்தில் இரண்டு மூன்று பள்ளிகள், நடுவே பேருந்து என்று இருக்கக்கூடும். அலைச்சல்தான். ஆனால் எல்லாக் குழந்தைகளின் பெயரும் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

காகித வேலைகள்

வந்த 90 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிவுசெய்து வெளிநாட்டவர் அட்டை வாங்க வேண்டும். அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. அதில் போதைப்பொருள் சோதனையும் அடக்கம். அட்டை வரும்வரை உங்கள் பெயரில் கைபேசி எண் வாங்குவதும், இணையத்தில் பொருள் வாங்குவதும் சிரமம். சம்பளமும் வேலை செய்த பிறகுதான் வரும். ஆகவே முதல் மாதச் செலவுக்கான பணத்தை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். வீட்டைப் பள்ளி கொடுத்தாலும் பாத்திரம், போர்வை, குப்பைப் பை எல்லாம் நீங்கள்தான் வாங்க வேண்டும். குப்பைப் பையைக் காசு கொடுத்து வாங்கும் முறை அங்கே 1995 முதல் உண்டு. உணவுக் கழிவுக்குத் தனிப் பை அல்லது தனித் தொட்டி.

சம்பளம் 20 லட்சம் வோனுக்கு மேல் இருக்கும். முதல் சம்பளம் வந்ததும் பள்ளியின் நிர்வாக அலுவலகத்தில் ஊதியச் சீட்டைக் கேட்டு வாங்கி, கோ-டீச்சரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம், மதிய உணவுப் பணம் என்று வரிசையாக இருக்கும். மருத்துவக் காப்பீட்டில் பாதியைப் பள்ளித் தரப்பு கட்ட வேண்டும்; ஓய்வூதியத்தில் உங்கள் நாட்டுக்கு என்ன விதி என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஓராண்டு முடித்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் பணிமுடிவுத் தொகையாக வரும். ஒப்பந்தத்தில் எழுதியதற்கும் சீட்டில் இருப்பதற்கும் வேறுபாடு தெரிந்தால் அந்த மாதமே கேளுங்கள். மரியாதையாக, காகிதத்தைக் காட்டிக் கேட்டால் நிர்வாக அலுவலகத்தில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.